கூட்டத்தில் எழுந்து நின்ற அம்மையார்
ரோசலி எட்ஜ் (1877 – 1962)

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரிலே எம் கல்லூரியை உருவாக்கிய அதிபர்கள், ஆசிரியைகள், கொடையாளர்கள் பலர் நினைவுகூரப்படுவது முறையே. அவர்களின் வரிசையில், எம் கல்லூரி வாசலை ஒருநாளும் மிதித்திராத ஓர் அமெரிக்கப் பெண்மணியின் வாழ்க்கையையும் சேர்க்க நாம் விரும்பியதற்குக் காரணம் உண்டு. ரோசலி எட்ஜ் அம்மையார் விஞ்ஞானி அல்லர், பட்டதாரியும் அல்லர், அரசாங்கப் பதவி எதுவும் வகித்தவரும் அல்லர். அவர் ஒரு சங்கத்தின் உறுப்பினர், அவ்வளவே. அந்தச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று அவர் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியோடு தொடங்கிய முப்பத்துமூன்று ஆண்டுப் பணியினால் ஒரு மலை பறவைகளின் சரணாலயமாயிற்று. பெருங்காடுகள் பல கோடரிக்குத் தப்பின. உறங்கிக் கிடந்த ஒரு பெரிய சங்கம் கண்விழித்தது. நூறாண்டு கண்ட ஒரு சங்கத்தின் உறுப்பினர்களாகிய நாம் அறிந்திருக்கவேண்டிய வரலாறு இது.

பிறப்பும் இளமையும்

1877ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி நியூயோர்க் நகரில் வசதி படைத்த குடும்பம் ஒன்றில் மேபல் ரோசலி பரோ பிறந்தார். ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸின் உறவினர் அவருடைய தந்தையார். அக்காலத்துச் செல்வர் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கென இருந்த தனியார் பாடசாலையொன்றில் ரோசலி கற்றார். பெரிய இடத்து மருமகளாவதற்கு வேண்டிய பயிற்சி அங்கே கிடைத்தது. பல்கலைக்கழகக் கல்வி அவருக்குக் கிட்டவில்லை. பிற்காலத்தில் விஞ்ஞானிகளோடும் அரசாங்க அதிகாரிகளோடும் வாதாடவேண்டி வந்தபோதெல்லாம் தாமாகவே வாசித்துக் கற்றதைக் கொண்டுதான் அவர் வாதாடினார்.

1909இல், தமது முப்பத்தோராவது வயதில், ஜப்பானின் யோக்கொஹாமா நகரில் பிரித்தானியப் பொறியியலாளர் சார்ள்ஸ் நோயல் எட்ஜ் என்பவரை மணந்தார். கணவரின் தொழில் காரணமாக ஆசிய நாடுகளில் சில ஆண்டுகள் கழிந்தன. பின்னர் தம்பதியர் நியூயோர்க் திரும்பினர். மகன் ஒருவரும் மகள் ஒருவரும் பிறந்தனர். அதுவரையில் ரோசலி அம்மையாரின் வாழ்க்கை அவருடைய வகுப்பைச் சேர்ந்த ஏனைய பெண்களின் வாழ்க்கையைப் போலவே இருந்தது.

வாக்குரிமைப் போராட்டம் என்னும் பாடசாலை

1913இல் மேற்கொண்ட கப்பற் பயணம் ஒன்றில், வேல்ஸ் நாட்டின் வாக்குரிமைப் போராளிகளுள் ஒருவரான சிபில் தோமஸ் அம்மையாரைச் சந்திக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அந்த உரையாடல் அவர் மனத்தில் விதையாக விழுந்தது. நியூயோர்க் மாநிலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கோரிய இயக்கத்தில் இணைந்து, அதன் பொறுப்பான பதவிகளுக்கு அவர் உயர்ந்தார். தெருமுனையில் நின்று பேசவும், துண்டுப்பிரசுரம் எழுதி அச்சிட்டு விநியோகிக்கவும், கணக்கு வைக்கவும், கூச்சலிடும் கூட்டத்தின் முன்னே குரல் தடுமாறாமல் நிற்கவும் அவர் கற்றுக்கொண்டது அங்கேதான். நியூயோர்க் மாநிலப் பெண்கள் 1917இலும், அமெரிக்கா முழுவதிலும் உள்ள பெண்கள் 1920இலும் வாக்குரிமை பெற்றனர். எம் நாட்டுப் பெண்களுக்கு அவ்வுரிமை 1931இல் கிடைத்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

வெற்றிக்குப் பின்னர் அவ்வியக்கத்துப் பெண்கள் பலர் வீடு திரும்பினர். எட்ஜ் அம்மையாருக்கோ வீட்டிலும் நிம்மதி இருக்கவில்லை. 1921இல் கணவரைப் பிரிந்து பிள்ளைகளோடு தனித்து வாழத் தொடங்கினார். முன்பு கடலோரத்தில் அவர்கள் வாங்கியிருந்த நிலத்திற்கு வந்துபோன பறவைகள் மீது அவருக்கு விருப்பம் ஏற்பட்டிருந்தது. பிரிவின் துயரத்தில் அந்த விருப்பமே அவருக்கு ஆறுதலாயிற்று. நகரின் நடுவிலுள்ள சென்றல் பூங்காவில், வலசை செல்லும் பறவைகள் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் வந்து தங்கும். தொலைநோக்கியைக் கையிலெடுத்துக்கொண்டு, பள்ளி மாணவனான மகனையும் அழைத்துக்கொண்டு, அதிகாலையில் அங்கே போவது அவருக்கு வழக்கமாயிற்று. பூங்காவில் பறவை பார்க்க வருவோர் ஆரம்பத்தில் இவரைப் பெரிதாக மதிக்கவில்லை. சில ஆண்டுகளில் இவருடைய கண்ணுக்கும் குறிப்பேட்டுக்கும் அவர்கள் மதிப்பளிக்க வேண்டியதாயிற்று.

பாரிஸ் நகருக்கு வந்த பிரசுரம்

1929ஆம் ஆண்டுக் கோடையில் பிள்ளைகளோடு பாரிஸ் நகரில் தங்கியிருந்தபோது தபாலில் ஒரு சிறு பிரசுரம் அவருக்கு வந்து சேர்ந்தது. வட அமெரிக்கப் பறவையினங்கள் பல அழிவின் விளிம்பில் நிற்கின்றன என்றும், அவற்றைக் காக்கவென்றே அமைந்த சங்கம் கைகட்டி நிற்கின்றது என்றும் அப்பிரசுரம் குற்றஞ்சாட்டியது. அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்த வில்லார்ட் வான் நேம், அவருடைய சகாவான டபிள்யூ. டி விற் மில்லர், டேவிஸ் குவின் ஆகிய மூவர் அதன் ஆசிரியர்கள். குடும்பத்தார் இராப்போசனத்துக்குக் காத்திருக்க, அம்மையார் அறையில் அங்குமிங்கும் நடந்தபடியே அதை வாசித்து முடித்தார் என்பர்.

குற்றஞ்சாட்டப்பட்ட சங்கம் சாதாரணமானதன்று. பறவை ஓவியர் ஜோன் ஜேம்ஸ் ஓடுபனின் பெயரைத் தாங்கிய சங்கங்கள் பல மாநிலங்களில் இருந்தன. 1896இல் பொஸ்டன் நகரில் ஹரியற் ஹெமன்வே, மினா ஹோல் என்னும் இரு பெண்கள், தொப்பிகளில் இறகு சூடுவதற்காகக் கொக்குகள் கொல்லப்படுவதைத் தடுக்க ஆரம்பித்த இயக்கத்தின் வழிவந்தவை அவை. 1905இல் அவை தேசிய அளவில் ஒன்றியமாக இணைந்தன. கொக்குகளைக் காத்த பெருமை அந்த ஒன்றியத்துக்கு உண்டு. ஆனால் கால் நூற்றாண்டு கழிந்தபின், வேட்டைத் துப்பாக்கியும் தோட்டாவும் செய்யும் கம்பனிகளின் நட்பு அதற்குத் தேவைப்பட்டது. அலாஸ்காவில், நாட்டின் சின்னமாகிய வெண்தலைக் கழுகைக் கொல்வோருக்கு 1917 முதல் அரசாங்கமே பணம் கொடுத்து வந்தது. பல்லாயிரம் கழுகுகள் மாண்டன. சங்கத்தின் குரல் உரத்து எழவில்லை. பிரசுரம் வெளிவந்ததும், இனிமேல் அனுமதியின்றி இவ்வாறு எழுதக்கூடாதென வான் நேம் அவர்களுக்கு நூதனசாலை தடை விதித்தது.

ஒரு கேள்வி

அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒன்றியத்தின் வருடாந்தக் கூட்டம் அதே நூதனசாலைக் கட்டடத்தில் நடைபெற்றது. எட்ஜ் அம்மையார் அச்சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினர். ஆயினும் கூட்டத்துக்கு அதுவரை போனதில்லை. அன்று போனார். அறிக்கைகள் வாசிக்கப்பட்டன, பாராட்டுரைகள் நிகழ்ந்தன, எல்லாம் வழமைபோல் சுமுகமாகச் சென்றன. அப்போது அவர் எழுந்து, அப்பிரசுரத்திலுள்ள குற்றச்சாட்டுகளுக்குச் சங்கம் என்ன பதில் வைத்திருக்கின்றது எனப் பணிவாகவே கேட்டார்.

பதில் கிடைக்கவில்லை. பெரிய பறவையியலாளர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து சங்கத்தின் நற்பெயரைப் புகழ்ந்தார்கள். அம்மையார் மீண்டும் எழுந்து மீண்டும் கேட்டார். கழுகுகளைப் பற்றிக் கேட்டார்; வேட்டைக்காரரோடு சங்கம் கொண்டுள்ள உறவைப் பற்றிக் கேட்டார். கூட்டம் முடிந்தபின் தலைவர் கில்பேர்ட் பியர்சன் அவரிடம் மனக்குறையோடு பேசினாராம். அன்று காட்டவிருந்த திரைப்படத்துக்கு நேரம் இல்லாமற் போயிற்று என்பதும், மதிய போசனம் ஆறிப்போகின்றது என்பதுமே அவருடைய குறை. சங்கங்களில் இருந்து பழகிய எம் எல்லோருக்கும் அந்தக் காட்சி விளங்கும். கேள்வி கேட்டவர் கெட்டவராகவும், விருந்தைக் காத்தவர் நல்லவராகவும் தோன்றும் தருணம் அது.

சில காலத்துக்குள் வான் நேமும், பத்திரிகையாளர் ஏர்விங் பிரான்ற் என்பவரும் அம்மையாரோடு இணைய, அவசரகாலப் பாதுகாப்புக் குழு என்னும் சிறு அமைப்பு உருவாயிற்று. பெயரிலே குழு, உண்மையில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஒருசிலர். வெளிப்படையாக எழுதத் தடையுள்ள விஞ்ஞானிகள் எழுதித் தருவதை, தடைசெய்ய எவராலும் முடியாத ஒரு குடும்பப் பெண் தம் பெயரில் வெளியிட்டார். தபால்தலை ஒட்டியதும், முகவரி எழுதியதும், நன்கொடைக்குப் பற்றுச்சீட்டு அனுப்பியதும் வாக்குரிமை இயக்கத்தில் பழகிய அதே கைகள்தான்.

நீதிமன்றம்

சங்கத்தின் தவறுகளைச் சங்கத்தின் உறுப்பினர்களே அறியவேண்டும் என்பது அம்மையாரின் எண்ணம். அதற்கு அவர்களின் முகவரி வேண்டும். உறுப்பினர் பட்டியலைத் தரும்படி உறுப்பினர் என்ற உரிமையில் கேட்டார். மறுக்கப்பட்டது. 1931இல் வழக்குத் தொடுத்தார். வழக்கின்போது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அவரை வாய்காரி என்ற பொருளில் ஏளனம் செய்தார். அம்மையார் அதைக் கேட்டுச் சினக்கவில்லை; ரசித்தார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமைந்தது. ஏறத்தாழ 11,000 பேர்களின் முகவரிகள் அவர் கைக்கு வந்தன.

அவர் அனுப்பிய கடிதங்களில் ஒரு செய்தி உறுப்பினர்களை உலுக்கியது. லூசியானா மாநிலத்தில் ஒன்றியத்துக்குச் சொந்தமான ஒரு சரணாலயம் இருந்தது. வனவிலங்குகளுக்கு அடைக்கலமென்று பெயர் பெற்ற அதே இடத்தில் இரும்புப் பொறிகள் வைத்து, நீரில் வாழும் மஸ்க்ரற் என்னும் சிறு விலங்கைப் பிடித்து, அதன் உரோமத் தோலை விற்ற பணம் ஒன்றியத்தின் கணக்கிற் சேர்ந்துகொண்டிருந்தது. உறுப்பினர் தொகை வேகமாக வீழ்ந்தது. 1934இல் பியர்சன் பதவி விலகினார். புதிய தலைமையின் கீழ் அச்சங்கம் மெல்ல மெல்லத் தன் பணிக்குத் திரும்பியது.

தான் உறுப்பினராக இருக்கும் சங்கத்தை இவ்வளவு தூரம் உலுக்குவது தகுமா என்று அன்றும் பலர் கேட்டனர். பியர்சன் தீயவர் அல்லர். தமது இளமை முழுவதையும் பறவைகளுக்காகவே உழைத்தவர். சங்கம் உடைந்துபோயிருந்தால் பறவைகளுக்கு யார் இருந்திருப்பர் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் அம்மையார் சங்கத்தை விட்டு விலகவில்லை. போட்டிச் சங்கம் அமைத்து உறுப்பினர்களை இழுக்கவும் இல்லை. அதன் யாப்பில் எழுதியிருந்த நோக்கத்தை அதன் முன்னேயே விரித்துக் காட்டினார். சங்கம் வேறு, சங்கத்தின் நோக்கம் வேறு என்று பிரியும் வேளையில் உறுப்பினர் எதன் பக்கம் நிற்கவேண்டும் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

பருந்து மலை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிற்றற்றினி என்னும் நீண்ட மலைத்தொடர் உண்டு. இலையுதிர்காலத்தில் வடமேற்குக் காற்று அம்மலைத்தொடரில் மோதி மேலெழும். வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வலசை செல்லும் பருந்துகளும் வல்லூறுகளும் கழுகுகளும் அந்த எழுகாற்றில் ஏறிக்கொண்டு, சிறகை அசைக்காமலேயே, மலைமுகட்டை ஒட்டிக் காதங்கள் கடந்துவிடும். மலை குறுகும் ஓரிடத்தில் அவை மனிதர் தலைக்கு மேலே மிகத் தாழ்ந்து பறக்கும். சுற்றியுள்ள ஊர்களின் வேட்டைக்காரருக்கு அது வாய்ப்பான இடமாயிற்று. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு வந்து, பாறைகளின் மேல் வசதியாக அமர்ந்து, பறவைகள் வர வரச் சுட்டார்கள். அடிபட்டவை மரங்களுக்கிடையே விழுந்து நாட்கணக்கில் துடித்தன. உண்பதற்காக எவரும் சுடவில்லை.

எம்மூரில் பிராந்து வட்டமிட்டால் தாய்க்கோழி குஞ்சுகளைச் செட்டைக்குள் ஒடுக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பருந்தின்மேல் இரக்கம் பிறப்பது எளிதன்று. அந்நாட்டு விவசாயியும் அப்படித்தான் எண்ணினார். பென்சில்வேனிய அரசாங்கம் 1929 முதல், கொஷோக் எனப்படும் பெரிய வல்லூறு ஒன்றைக் கொன்றால் 5 டொலர் வெகுமதி வழங்கியது. பறவை அன்பர்கள் பலரும்கூடப் பாடும் பறவைகளைத்தான் காக்க விரும்பினர். அவற்றைத் தின்னும் பறவைகளை அல்ல.

1932இல் ரிச்சர்ட் பவ் என்னும் இளைஞர் அம்மலைக்குச் சென்று, செத்த பருந்துகளைப் பொறுக்கி வரிசையாகக் கிடத்திப் படமெடுத்து வந்தார். அடுத்த ஆண்டு நியூயோர்க்கில் நடந்த கூட்டத்தில் அவர் கண்டதைச் சொன்னார். அந்த மலையை வாங்கும் பொறுப்பை ஓடுபன் ஒன்றியம் ஏற்கும் எனச் சபையில் நம்பப்பட்டது. மாதங்கள் கழிந்தன, ஒன்றும் நடக்கவில்லை. எட்ஜ் அம்மையார் காத்திருக்கவில்லை. 1934இல் தாமே சென்று மலையைப் பார்த்தார். அது விற்பனைக்கு இருந்தது. வான் நேமிடம் 500 டொலர் கடன் வாங்கி, ஏறத்தாழ 1,400 ஏக்கர் நிலத்தை இரண்டு ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். அக்காலத்தில் விரும்பினால் வாங்கிக்கொள்ளும் உரிமையும் ஒப்பந்தத்தில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தம் நிலவிய காலம் அது. ஐம்பத்தாறு வயதான அம்மையாரிடம் அமைப்பு என்று சொல்லக்கூடிய அமைப்போ, நிலையான நிதியோ இருக்கவில்லை.

காவலுக்கு ஆள் வேண்டும். மொரிஸ் புறூண் என்னும் இருபத்தெட்டு வயதுப் பறவையியலாளர் சம்பளம் வேண்டாமென்று ஒப்புக்கொண்டார். வாழ்க்கைச் செலவு மட்டும் போதும் என்றார். புதிதாக மணமுடித்திருந்த அவரும் மனைவி ஏர்மாவும் 1934 செப்டெம்பரில் மலைக்கு வந்தனர். எல்லைகளில் அறிவித்தற் பலகைகள் நாட்டப்பட்டன. துப்பாக்கியோடு வந்தவர்கள் வசைபாடினார்கள், மிரட்டினார்கள். கணவர் மலையுச்சியில் நிற்க, பாதையோரத்தில் வாயிலைக் காத்து நின்றவர் ஏர்மா. கோபத்தோடு வந்தவர்களைத் தனியொரு பெண்ணாய் மறித்துத் திருப்பி அனுப்பினார். அந்த முதற் பருவத்திலேயே அங்கு சூடு நின்றது. வேட்டையாடும் பறவைகளுக்கென உலகில் எழுந்த முதற் சரணாலயம் இதுவே. பின்னர் நிலம் முழுவதும் வாங்கப்பட்டு, 1938இல் பருந்து மலைச் சரணாலயச் சங்கத்தின் பேரில் பதிவு செய்யப்பட்டது. அம்மையார் இறுதிவரை அதன் தலைவராக இருந்தார்.

சுடுவதை நிறுத்தியதோடு புறூண் அமையவில்லை. ஒவ்வொரு நாளும் உச்சியில் அமர்ந்து, கடந்து செல்லும் பறவைகளை இனவாரியாக எண்ணி எழுதினார். முதல் ஆண்டிலேயே தொகை 10,000ஐத் தாண்டியது. செப்டெம்பர் நடுவில் அகன்ற சிறகுப் பருந்துகள் தென் அமெரிக்கா நோக்கிச் சுழல் சுழலாய்ச் செல்லும். நவம்பரில் பொன்னிறக் கழுகுகள் வரும். இரண்டாம் உலகப் போரில் அவர் கடற்படைச் சேவைக்குப் போன காலத்தில் மட்டும் எண்ணிக்கை தடைப்பட்டது. ஒரு மனிதர் பென்சிலும் தாளும் கொண்டு பொறுமையோடு எழுதிய அந்த வரிகளின் பெறுமதி பின்னால்தான் தெரியவந்தது.

பொதுவாகக் காணப்படும் காலத்திலேயே ஓர் உயிரினத்தைக் காக்கவேண்டும், அரிதான பின்பு அழுவதிற் பயனில்லை என்பது அம்மையாரின் கொள்கை. பயனுள்ளது, பயனற்றது என்று மனிதன் போட்ட கணக்கை அவர் ஏற்கவில்லை. வயல் எலியைத் தின்பதால் பருந்து விவசாயிக்கு நண்பன் என்பதை விளக்கினார். ஆனால் எலியைத் தின்னாவிட்டாலும் பருந்து வாழவேண்டும் என்பதே அவர் நிலை.

காடுகளுக்காக

பறவைக்காக எழுந்தவர் பறவையோடு நிற்கவில்லை. கொடிய விலங்குகள் என்று பெயரிட்டு அரசாங்கத் திணைக்களமே காடுகளில் நஞ்சு வைத்ததை எதிர்த்தார். மரம் தறிக்கும் கம்பனிகளின் கண் தேசியப் பூங்காக்களின் மேல் விழுந்தபோது அதையும் எதிர்த்தார்.

கலிபோர்னியாவின் யொசமிற்றி தேசியப் பூங்காவின் மேற்கு எல்லையில் சீனிப் பைன் எனப்படும் மிகப் பெரிய மரங்கள் நின்றன. தனியார் நிலம் ஆகையால் அவை தறிக்கப்பட இருந்தன. அம்மையாரின் பிரசுரங்கள் நாடெங்கும் சென்றன; மக்கள் தம் பிரதிநிதிகளுக்குக் கடிதங்கள் எழுதினர். 1937இல் நாடாளுமன்றம் பணம் ஒதுக்கி அந்நிலத்தை வாங்கியது.

வோஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் குடாநாட்டுப் போராட்டம் இன்னும் பெரியது. மேற்குக் கடலிலிருந்து வரும் மழைமேகங்கள் அங்குள்ள மலைகளில் மோதி ஆண்டு முழுவதும் பொழிவதால், பாசி போர்த்த பெருமரங்களைக் கொண்ட மழைக்காடுகள் பள்ளத்தாக்குகளில் வளர்ந்திருந்தன. பூங்கா அமைப்பதைப் பலரும் வெளிப்படையாக எதிர்க்கவில்லை. மரமில்லாத பனிச் சிகரங்களைப் பூங்காவுக்கு விட்டுவிட்டு, பணம் காய்க்கும் பள்ளத்தாக்குகளை வெட்டுவோருக்கு வைத்திருப்பதே அவர்களின் உபாயம். சிகரம் அழகுக்கு, பள்ளத்தாக்கு உயிருக்கு என்பதை அம்மையாரின் குழு விடாமல் எடுத்துரைத்தது. 1934இல் வெளியிட்ட பிரசுரம் அப்போராட்டத்துக்குக் கொடிபிடித்தது. குழுவின் ஏர்விங் பிரான்ற் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் ஆலோசகர்களுள் ஒருவராகவும் இருந்தது பேருதவியாயிற்று. 1937இல் ஜனாதிபதி நேரிற் சென்று அக்காடுகளைப் பார்த்தார். 1938 ஜூன் 29ஆம் திகதி ஒலிம்பிக் தேசியப் பூங்கா உருவாயிற்று. 1981இல் அது உலக மரபுரிமைத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. 1940இல் கலிபோர்னியாவின் கிங்ஸ் கன்யன் தேசியப் பூங்கா உருவானதிலும் அம்மையாரின் உழைப்பு உண்டு.

இவற்றை அவர் ஒருவரே செய்தார் என்று நாம் எழுதினால் அது பொய்யாகும். விஞ்ஞானிகள், அமைச்சர்கள், உள்ளூர் மக்கள் எனப் பலர் உழைத்தனர். ஆயினும் ஊதியம் பெறாததால் எவருக்கும் அஞ்சாத ஒருவர் அவர்களிடையே தேவைப்பட்டார். அந்த இடத்தை அவர் நிரப்பினார்.

அவர் இனிமையாகப் பழகிய மனிதரும் அல்லர். நாக்கில் கூர்மை இருந்தது. நண்பரிடத்திலும் குற்றம் கண்டால் விடமாட்டார். சமரசம் என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. நேர்த்தியான தொப்பியும் முத்துமாலையும் அணிந்து வரும் அந்த முதிய பெண்மணியைக் கண்டதும் அதிகாரிகள் சிலர் அறையை விட்டு நழுவியதாகச் சொல்வர்.

அறுவடை

1945இன் இலையுதிர்காலத்தில், அரசாங்க மீன், வனவிலங்குச் சேவையில் பணிபுரிந்த ஒரு பெண் பருந்து மலைக்கு வந்தார். அவர் பெயர் றேச்சல் கார்சன். பதினைந்து ஆண்டுகளின் பின், டிடிரி என்னும் பூச்சிக்கொல்லியின் தீமையை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், அம்மலையிற் சேர்ந்த எண்ணிக்கையை புறூணிடம் கேட்டு எழுதினார். வெண்தலைக் கழுகுகளில் முதிர்ந்தவை எத்தனை, அவ்வாண்டுக் குஞ்சுகள் எத்தனை என்ற விபரம் அதில் இருந்தது. 1935 முதல் 1939 வரை கடந்து சென்ற கழுகுகளில் 40 வீதமானவை இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரையான காலத்தில் அது 20 வீதமாகக் குறைந்திருந்தது. பழைய கழுகுகள் பறந்துகொண்டிருந்தன, குஞ்சுகள் பொரிக்கவில்லை. நஞ்சு முட்டையைத் தாக்கியிருந்தது. 1962 செப்டெம்பரில் வெளிவந்த, மௌன வசந்தம் எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட கார்சனின் நூலில் அந்த எண்கள் சாட்சியாக இடம்பெற்றன. ஒரு மலையிற் சூட்டை நிறுத்தியதன் பயன் ஒரு நாட்டின் நஞ்சை நிறுத்துவதற்கும் உதவியது. 1972இல் அமெரிக்காவில் டிடிரியின் பாவனை தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில் பருந்து, வல்லூறு இனங்களும் மத்திய அரசின் பறவைப் பாதுகாப்புச் சட்டத்துள் அடங்கின. அழிந்துபோகும் என அஞ்சப்பட்ட வெண்தலைக் கழுகு, 2007இல் ஆபத்துக்குள்ளான உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்படுமளவுக்குப் பெருகிற்று.

அவற்றைக் காண அம்மையார் இருக்கவில்லை. 1962 நவம்பரில், ஓடுபன் சங்கத்தின் வருடாந்தக் கூட்டம் ரெக்ஸஸ் மாநிலத்தில் நடைபெற்றது. எண்பத்தைந்து வயது நிரம்பிய எட்ஜ் அம்மையார், உடல் தளர்ந்திருந்தும் அங்கு சென்றிருந்தார். மேடையில் அவர் அறிமுகப்படுத்தப்பட்டபோது சபையிலிருந்த அனைவரும் எழுந்து நின்று கரகோஷம் செய்தனர். மூன்று தசாப்தங்களுக்கு முன் அவரை நீதிமன்றத்தில் எதிர்த்து வாதாடிய அதே சங்கம்! சில வாரங்களில், நவம்பர் 30ஆம் திகதி நியூயோர்க்கில் அவர் காலமானார்.

நாம் கற்கவேண்டியது

பருந்து மலை இன்றும் இருக்கின்றது. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் உச்சிப் பாறையில் அமர்ந்து எண்ணுவோர் இன்றும் எண்ணுகின்றனர். வேட்டைப் பறவைகளின் வலசை பற்றி உலகிலுள்ள மிக நீண்ட பதிவுகளுள் அதுவும் ஒன்று. துப்பாக்கியோடு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் தொலைநோக்கியோடு வருகின்றனர்.

இவ்வம்மையாரின் வாழ்விலிருந்து எம் சங்கத்துக்கு நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுண்டு. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய சங்கங்கள் பகைவரால் அழிவது குறைவு. வயது ஏற ஏற நற்பெயரைப் பேணுவது பணியைப் பேணுவதிலும் முக்கியமாகிவிடுகின்றது. அறிக்கை வாசிக்கப்படுகின்றது; ஏகமனதாக நிறைவேறுகின்றது; தேநீர் பரிமாறப்படுகின்றது. நூறாண்டு என்பது கொண்டாடவேண்டிய வயது. அதே வேளை விழிப்போடிருக்கவேண்டிய வயதும்கூட. சங்கத்தின்மீது உண்மையான அன்புள்ள உறுப்பினர் கரகோஷம் மட்டும் செய்பவர் அல்லர். கணக்கை வாசிப்பவர், யாப்பை வாசிப்பவர், தேவையான வேளையில் எழுந்து நின்று கேட்பவர். அப்படிக் கேட்பவரைப் பகைவராக எண்ணாத சபையே நீடிக்கும்.

இவ்வாண்டு கல்லூரியை விட்டு வெளியேறி எம்மோடு இணையும் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. சந்தா செலுத்தியதற்கான பற்றுச்சீட்டு உங்கள் கையில் தரப்படும். அது கூட்டத்தில் ஆசனம் பெறுவதற்கு மட்டுமான சீட்டு அன்று. கேட்பதற்கும் உரிமை தருவது. அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு வாருங்கள். பின்வரிசையில் அமர்ந்தாலும் குறைவில்லை. அறிக்கையை முன்கூட்டியே வாசித்து வாருங்கள்.